ஃபேன் சத்தம் ஓய்ந்த வீடு

எனக்கு வயது நாற்பத்தாறு. லிஃப்ட் பழுது பார்ப்பது தொழில். மூன்று மாடிக்கு மேலே ஒரு பேரிங் லேசாக முனகினால்கூடக் கீழே நின்றபடியே கண்டுபிடித்துவிடுவேன் என்று கம்பெனியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் திரிந்தேன். இதைப் படித்துவிட்டு யாராவது என்னைக் காறித் துப்பினால், துடைத்துக்கொண்டு போவேனே தவிர ஏன் என்று கேட்க மாட்டேன்.

வீட்டில் மூன்று பேர்: நான், மனைவி, அப்பா. இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அப்பா கட்டிலோடு சரி. பாத்ரூம் போக யாராவது கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். பகலில் துணைக்கு இருக்கும் அம்மாள் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி ஒன்பதுக்குத்தான் வருவாள். நடுவில் உள்ள மூன்று மணி நேரம் என் பொறுப்பு.

அந்த மூன்று மணி நேரமும் நான் பக்கத்து அறையில் கேம் ஆடிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்துதானே வைத்திருக்கிறேன், கூப்பிட்டால் போகப்போகிறேன் என்று எனக்கு நானே சமாதானம் வேறு. காதில் பெரிய ஹெட்செட். மேசைக்கடியில் கம்ப்யூட்டர் போட்ட இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது.

எங்கள் அணியில் நான்கு பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. என் மைக் வழியாகக் கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம் அவர்கள் காதில் போய் விழுந்ததால் எனக்கு மாவுமில்லு என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் உள்ளே நுழைந்தாலே, மில்லு ஓட ஆரம்பிச்சிருச்சு, கோதுமையை எடுத்துட்டு வாங்க என்று குருவி கத்துவான். அவன்தான் அணியில் இளையவன். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எரிந்தது. சத்தத்தை வைத்துப் பிழைப்பவன் வீட்டிலேயே மில்லா?

இரண்டு வாரம் அந்தச் சத்தத்தை ஒழிப்பதே வேலையாகத் திரிந்தேன். சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றினால்தான் காற்று வரும், அதனால் அலறும். பெரியது நிதானமாகச் சுற்றியே அதே காற்றைக் கொடுத்துவிடும். எனவே உள்ளங்கையைவிட அகலமாக நான்கு வாங்கினேன். ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து, விரலால் சுற்றிவிட்டுப் பேரிங்கைக் கேட்டுத்தான் எடுத்தேன். கடைக்காரர் என்னைப் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருப்பார். முன்பக்கம் இரண்டு குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்றும் மேலே ஒன்றும் சூட்டை வெளியே தள்ள. அதிர்வு கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போகாமலிருக்க ஸ்க்ரூவுக்குப் பதில் ரப்பர் முளை. காற்று போக வழி வேண்டும் என்று பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். டிஷ்யூத் தாளைக் கிழித்துப் பின்பக்கம் காட்டினால், தாள் வெளியே பறக்காமல் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. பெரிய நிபுணர், ஃபேனைத் திருப்பி மாட்டியிருந்தேன். கழற்றி மறுபடி மாட்டினேன். அதன் பிறகு, கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்று விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஏழு மணி இருக்கும். ஆட்டம் கடைசிக் கட்டம். எதிரணியில் ஒருவன்தான் பாக்கி.

"அண்ணே, உங்க வீட்ல யாரோ கூப்பிடுறாங்க" என்றான் குருவி.

ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து தூக்கினேன். அப்பா குரல்தான். இரண்டே நிமிடம், முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றியது.

"டிவிப்பா அது. நீ ஆடு."

வாய் கூசாமல் சொன்னேன். பெற்ற அப்பாவை டிவி என்று.

அவன் ஆட்டத்தை நிறுத்தினான். பிறகு, "டிவி இல்லண்ணே. தம்பி தம்பின்னு கூப்பிடுறார். போய்ப் பாருங்க" என்றான். திரையில் அவர்களுடைய ஆட்கள் மூவரும் ஆடாமல் அசையாமல் நின்றார்கள். முகம் தெரியாத மூன்று பேர் முன்னால் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன்.

அப்பா ஒருக்களித்துப் படுத்திருந்தார். விரிப்பு நனைந்திருந்தது. ஸ்டூலில் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து அந்த ஈரத்தின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

வாரத்துக்கு இரண்டு நாளாவது அப்பா படுக்கையில் தண்ணீரைக் கொட்டிவிடுவார். அதாவது, அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். ஒரு டம்ளரை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதா, சின்னப் பிள்ளையா நீங்கள் என்று திட்டியிருக்கிறேன். ஒருமுறை டம்ளரைப் பிடுங்கி எட்டத்தில்கூட வைத்தேன். ஒரு நாளும் அவர் எதிர்த்துப் பேசியதில்லை.

என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எத்தனை தடவைப்பா கூப்பிட்டீங்க?"

"இன்னிக்கா?" என்றார்.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. துடைத்துவிட்டு வேட்டியை மாற்றினேன். விரிப்பை உருவும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவ வந்தா உன்னைத்தான் கேப்பா. தண்ணின்னே சொல்லிடுவோம்."

ஒன்பது மணிக்கு மனைவி வந்தாள். வாளியில் கிடந்த விரிப்பைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கட்டிலிலிருந்து, தண்ணீர் கொட்டிவிட்டது என்று முந்திக்கொண்டார்.

"தண்ணி இல்ல" என்றேன்.

அவள் பையை ஆணியில் மாட்டினாள்.

"துவைக்கிறவளுக்குத் தெரியாதா? மாமாதான் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டார்" என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனாள்.