மரத்துப்போன கால்களோடு பந்தயத் தடத்தில்

"அக்கா, உங்க செருப்பு" என்று பின்னாலிருந்து யாரோ கூப்பிட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன். எங்கள் ஊரான கிள்ளானின் ரயில் நிலையப் படிக்கட்டில் நின்றிருந்தேன். இடது காலில் செருப்பு இல்லை. சில படிகளுக்குக் கீழே அது தனியாகக் கிடந்தது. வெறுங்காலோடு ஏறி வந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

எனக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. தினமும் ரயிலில் போய் வருவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மோட்டார் சைக்கிள். பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு குழுவாக ஓட்டுவோம். அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு அன்றும் வேலைக்குப் போனேன். பாதங்களில் எறும்பு ஊர்வது போல இருந்தது. முந்தின வாரம் கடுமையான வயிற்றுப்போக்கு வந்து போயிருந்ததால், அந்தப் பலவீனம் என்று நினைத்தேன். கிளினிக்கில் சத்து மாத்திரை கொடுத்தார்கள்.

ஓரிரு நாளில் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. என் கணவர் ரவி என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் உட்கார வைத்தார். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தள்ளுவண்டியில் கிடந்தபோது, யாரோ என் பாதத்தின் மேல் தடித்த மருத்துவக் கோப்பு ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்தேன். அதன் கனம் தெரியவில்லை.

நரம்பியல் மருத்துவர் ஒரு பெண். சிறிய சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் துள்ளவில்லை. மறுகாலும் அப்படியே.

"டாக்டர், ஸ்ட்ரோக்கா?" என்று ரவி கேட்டார்.

"இல்ல. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, கீழேர்ந்து மேல ஏறுது பாருங்க. கில்லன் பாரேன்னு சந்தேகப்படுறேன். முதுகுலேர்ந்து தண்ணி எடுத்துப் பார்த்துடுவோம்."

கில்லன் பாரே நோய் (கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் சக்தி திசைமாறி நம் நரம்புகளையே தாக்குவது) என்ற பெயரை அன்றுதான் கேட்டேன். வயிற்றுப்போக்கோ சளியோ வந்து போன பிறகு சிலருக்கு இப்படி ஆகலாம் என்றார். இம்யூனோகுளோபுலின் (பலர் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக ஏறத் தொடங்கியது. ஆனாலும் மரமரப்பு மேலே ஏறியது. மூச்சு குறைந்ததும் வென்டிலேட்டர் (செயற்கைச் சுவாசக் கருவி) வைத்தார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ரவி வந்து பேசிக்கொண்டிருப்பார். கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு தொழிற்சாலையில் லோரிகளை அனுப்பும் பிரிவில் இருக்கிறார். எந்த லோரி பழுதானது, எந்த டிரைவர் லீவு போட்டார் என்பதையெல்லாம் சொல்வார். நான் கண்ணை மூடித் திறப்பேன். நான் அழுதேனா, பயந்தேனா என்று பிறகு பலர் கேட்டார்கள். இல்லை. கூரையைப் பார்த்தபடி கிடந்தேன், அவ்வளவுதான். இதே நோயோடு படுத்திருந்து, எதையும் உணரவில்லையே என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

முதலில் மூச்சு திரும்பியது. பிறகு தோள், கை, விரல்கள். கரண்டியைப் பிடித்தேன், சட்டைப் பொத்தானைப் போட்டேன். பிசியோதெரபியில் (உடலியக்கப் பயிற்சி) இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்கக் கற்றேன். வீட்டுக்கு வந்து பல மாதங்களான பிறகு கடைக்கும் போனேன். கணுக்காலுக்குக் கீழே மட்டும் ஒன்றும் திரும்பவில்லை. பஞ்சின் மேல் நிற்பது போல என்று எல்லோரிடமும் சொல்வேன். உண்மையில் பஞ்சுகூட இல்லை. கால் கணுக்காலோடு முடிந்துவிட்டது போல இருக்கும்.

"நரம்பு வளர்றது ரொம்ப ஸ்லோ. முழுசா வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன்.

அப்போதுதான் ஜெயந்தி வந்தாள். எங்கள் குழுவை நடத்துபவள், செந்தூலில் இருக்கிறாள். டெங்கிலுக்கு அப்பால் ஒரு பந்தயத் தடத்தை ஒருநாள் வாடகைக்கு எடுத்து நன்கொடை திரட்டப் போவதாகச் சொன்னாள். பணம் கொடுத்தவர்கள் தங்கள் வண்டியை அதில் ஓட்டலாம். வரும் தொகை எங்கள் வட்டாரத்துப் பிசியோதெரபி நிலையம் ஒன்றுக்குப் போகும்.

"நீங்க வந்து ஓட்டணும்க்கா. சும்மா மெதுவா, ஸ்லோ குரூப்லதான். உங்களப் பாத்தா நாலு பேருக்கு தெம்பு வரும் லா."

"கால்ல ஒண்ணும் தெரியாது ஜெயந்தி. கியர், பின் பிரேக் எல்லாம் கால்லதானே?"

"என் தங்கச்சி ஸ்கூட்டர் இருக்கு. ஆட்டோ கியர். ரெண்டு பிரேக்கும் கையிலதான்."

சரி என்றேன். ஆசையாலா என்று கேட்டால் தெரியாது. மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருந்தது; சம்மதிக்க எதுவும் தேவைப்படவில்லை. ரவி எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து தட்டுகளைக் கழுவத் தொடங்கினார்.

டாக்டரிடம் கேட்டேன். தன் இரண்டு விரல்களை நீட்டி, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். சில தடவை பிடித்து விட்டேன்.

"கை நல்லா இருக்கு. ஆனா நான் ஓகே சொல்ல மாட்டேன். ரோட்ல கண்டிப்பா கூடாது."

"டிராக்ல?"

"கால் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது மாலா. அத மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க" என்றார்.

ஓட்டும் நாளன்று காலை ரவிதான் என்னைக் காரில் கூட்டிப்போனார். வண்டிகளை நிறுத்தும் கொட்டகையில் கருவிகள் பரப்பிக் கிடந்தன, பெட்ரோல் வாசனை. தடத்தில் இறங்கக் கணுக்காலை மூடும் பூட்ஸ் கட்டாயம். ஜெயந்தி தன்னுடைய பழைய பூட்ஸைக் கொண்டு வந்திருந்தாள். கொட்டகைத் தரையில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டேன். பிறகு பாதுகாப்பு விளக்கம், குழுப் படம். ஜெயந்தி ஒலிபெருக்கியில் என்னைப் பற்றிப் பேசினாள். வென்டிலேட்டரில் இருந்தவர் இன்று ஓட்டப் போகிறார் என்றாள். கை தட்டினார்கள். காலை முழுவதும் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருந்தேன்.

எங்கள் குழுவை முன்னால் ஒருவர் வழிநடத்த, பின்னால் வரிசையாகப் போனோம். காற்று ஹெல்மெட்டில் மோதியது. கைகள் எல்லாவற்றையும் செய்தன. இடுப்பும் முழங்காலும் வண்டியை அறிந்திருந்தன. நன்றாகத்தான் ஓட்டினேன். இரண்டாம் சுற்றில் ஒரு இடது வளைவில் வண்டி சாய்ந்தபோது, ஓரத்தில் கொடி பிடித்து நின்றவர் என்னைப் பார்த்துத் தன் காலைத் தட்டித் தட்டிக் காட்டினார். குனிந்து பார்த்தேன். என் இடது பாதம் மிதிபலகையில் இல்லை. வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பூட்ஸின் நுனிக்கும் தாருக்கும் இடையில் ஒரு கை அகலம் இருந்திருக்கலாம். தொடையிலிருந்து காலைத் தூக்கி உள்ளே வைத்தேன். பயம் வரவில்லை. சாலையில் கிடக்கும் குச்சியை ஓரமாகத் தள்ளுவது போலத்தான் இருந்தது.

மீதிச் சுற்றுகளை அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டே முடித்தேன். திரும்பி வந்ததும் மறுபடி கை தட்டினார்கள். ஜெயந்தி கட்டிப்பிடித்து அழுதாள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

ரவி மண்டியிட்டு என் பூட்ஸைக் கழற்றினார். வலது கால் உறை கறுத்து ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்தேன். உறையை உரித்ததும் அவர் கை நின்றுவிட்டது. பூட்ஸைக் கவிழ்த்தார். ஒரு சிறிய இரும்பு நட்டு விழுந்து தரையில் உருண்டது. காலையில் அந்தத் தரையில் உட்கார்ந்து மாட்டியபோது எப்படியோ உள்ளே போயிருக்கிறது. குதிகாலில் அது பதிந்து, தோலைத் தாண்டிக் குழியாக்கியிருந்தது.

"வலிக்கலயா?" என்றார், தெரிந்தும்.

"இல்லங்க."

"கொஞ்சங்கூட?"

"இல்ல."

குனிந்த தலை நிமிராமல், "நீ வென்டிலேட்டர்ல இருந்தப்பகூட நான் இவ்ளோ பயப்படல மாலா" என்றார். உறையை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

டாக்டர் திட்டவில்லை. புண்ணைச் சுத்தம் செய்ய அனுப்பிவிட்டு, எளிய சில விஷயங்களைச் சொன்னார். என்னைப் போன்றவர்களுக்கு அவை முக்கியம். எதை மாட்டுவதற்கு முன்னும் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுப் பாருங்கள். தினமும் ஒரு தடவை பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியை வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரின் சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்றுங்கள்.

எங்கள் வீட்டில் ரவிதான் பார்ப்பார். சாப்பாடு முடிந்ததும் சோபாவில் என் கால்களை மடியில் வைத்துப் புண்ணுக்குப் போட்ட கட்டை அவிழ்த்து மாற்றுவார். செய்தி கேட்டுக்கொண்டே செய்வார். புண் சிறிதாகிவிட்டது, காய்ந்துவிட்டது, மூடிவிட்டது என்று அவர்தான் சொன்னார். அது ஒருநாளும் வலிக்கவில்லை என்பதால், ஆறியதும் எனக்குத் தெரியவில்லை.

அதற்குச் சில வாரங்கள் கழித்து ரவியோடு காரில் மேரு சாலையில் போய்க்கொண்டிருந்தேன். நல்ல வெயில். முன்னால் ஒரு லோரி மெதுவாக இடது பக்கம் வளைந்தது. காரணமே இல்லாமல் என் கை கதவின் பிடியை இறுக்கிக்கொண்டது. வாய் உலர்ந்தது. விட முயன்றும் விரல்கள் பிடியை விடவில்லை.

"என்னாச்சு?"

"பயமா இருக்கு."

"எதுக்கு? லோரி தூரமாத்தானே போகுது."

"இது இல்லங்க. அன்னிக்கு டிராக்ல. கால் வெளிய தொங்கிச்சு. உங்ககிட்ட சொல்லல."

ரவி சாலையோரமாகக் காரை நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. அந்த வளைவுக்காக மட்டும் அழுததாகத் தோன்றவில்லை. தாழ்வாரம், கூரை, மூச்சுக் குழாய் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டிருந்தன. எனக்கு எல்லாமே தாமதமாகத்தான் வருகிறது. சில இன்னும் வழியில் இருக்கலாம்.

"போலாமா?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"இருங்க. இன்னும் முடியல" என்றேன்.

அவர் என்ஜினை அணைத்தார்.