நான் நோயாளியாக நடித்த மாதங்கள்

என் மனைவியை நான் முதன்முதலில் பார்த்தது ஓசூரில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில். பிரஸ் மெஷினில் இடது கை நடுவிரலின் நுனியை நசுக்கிக்கொண்டு போயிருந்தேன். என்னை அழைத்து வந்த சூப்பர்வைசர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். அங்கே நர்ஸாக இருந்த அவள்தான் விரலைக் கழுவி, கட்டுப் போட்டு, எந்த ஊர் என்று விசாரித்தாள். கோவில்பட்டிப் பக்கம் என்றேன். அங்கே மழை உண்டா என்று கேட்டாள். நான் மழையைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் கட்டும் முடிந்திருந்தது.

அவள் ஓசூரை அடுத்த பேரிகைக்காரி. அப்பா தக்காளியும் முட்டைக்கோசும் போடுகிற விவசாயி. வீட்டில் தெலுங்கு, படித்தது தமிழ், வார்டில் பாதி நேரம் கன்னடம். கல்யாணமானதும் மத்திகிரியில், கால்நடைப் பண்ணைக்குப் போகிற சாலையில் ஒரு வரிசை வீட்டில் குடியேறினோம். வீட்டுக்கார அம்மா கன்னடக்காரர். எங்களுக்கும் அவருக்கும் இடையே ஒரு சுவர்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் ஓசூரில் நர்ஸாக இருந்த பலர் வளைகுடா நாடுகளுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இவளும் அங்கே பெரிய தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் வேலை பார்க்க ஆசைப்பட்டாள். அதற்குப் போகிற நாட்டின் லைசென்ஸ் பரீட்சை எழுத வேண்டும். பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நான்கு விடைகளில் ஒன்றை அமுக்குகிற பரீட்சை.

அவள் விண்ணப்பம் போட்ட அன்றே நான் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். எங்கள் பிரஸ் ஷாப் சுவரில் ஒரு சார்ட் இருக்கும். அன்றைய டார்கெட், முடித்தது, ரிஜக்‌ஷன். அதே மாதிரி ஒரு சார்ட்டை அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். ஒரு நாளைக்கு எண்பது கேள்வி. சரியான விடைக்குப் பச்சை, தவறுக்குச் சிவப்பு. காலை ஏ ஷிப்ட் முடிந்து மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்ததும் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்துவிடுவேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேள்வியை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். மருந்துப் பெயர்களை நான் சொல்கிற அழகில் ஆரம்பத்தில் அவள் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. அதை நான் கவனிக்கவில்லை.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தெரிந்த விடையையே மாற்றி மாற்றிச் சொன்னாள். நான் டார்கெட்டை நூறாக்கினேன்.

பரீட்சையன்று ஓசூரில் பஸ் ஏறியதிலிருந்து கேள்வி கேட்டுக்கொண்டே வந்தேன். அத்திப்பள்ளியில் நிற்கும்போது கேட்டேன். சில்க் போர்டு நெரிசலில் கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி பதில் சொன்னாள். மத்தியானம் வெளியே வந்தபோது கையில் ஒரு அச்சிட்ட தாள் இருந்தது. தேறவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் சந்தாபுரம் தாண்டியதும் அவளே சொன்னாள். திரையின் மூலையில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்ததாம்.

"ஒவ்வொரு கேள்விக்கும் உங்க குரல்தாங்க கேட்டுச்சு. இன்னும் எத்தன, இன்னும் எத்தனன்னு."

எனக்குச் சுருக்கென்றது. நல்லதுக்குத்தானே செய்தேன் என்றேன்.

"நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ஆனா மெஷினுக்குப் போடற கணக்க எனக்குப் போட்டுட்டீங்க."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். ஊசி போடும்போது வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்வார்களே, அந்தக் குரலில் சொன்னாள். வீட்டுக்கு வந்து சார்ட்டைக் கிழித்தேன். பசை ஒட்டிய இடத்தில் சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்து வந்தது.

மூன்றாம் நாள் டூட்டி முடிந்து வந்தவள், மறுபடியும் எழுதப் போவதாகச் சொன்னாள். நான் ஒதுங்கி இருக்கிறேன் என்றேன். ஒதுங்க வேண்டாம், வேறு வேலை இருக்கிறது என்றாள். நான் நோயாளியாக இருக்க வேண்டுமாம். வார்டில் அவளுக்குப் பயம் வருவதே இல்லை. அங்கே ஒரு ஆள் படுத்திருக்கிறார், அவரைப் பார்த்தால் அடுத்து என்ன செய்வதென்று தெரிகிறது. புத்தகத்தில் ஆள் இல்லை. அதனால்தான் பயம்.

அப்படித்தான் அது தொடங்கியது. சாயங்காலம் பாயை விரித்து நான் படுத்துக்கொள்வேன். இன்று இதயம் பலவீனமான நோயாளி, நாளை சர்க்கரை நோயாளி, மறுநாள் வயிற்றில் ஆபரேஷன் செய்தவர். என்ன செய்கிறது என்று கேட்பாள். புத்தகத்தில் இருக்கிற அறிகுறிகளை நான் திருநெல்வேலித் தமிழில் சொல்ல வேண்டும். முதலில் மூச்சு, அடுத்து ரத்த ஓட்டம், அப்புறம் மற்றது என்று வாய்விட்டுச் சொல்லியபடி அவள் பார்ப்பாள். கடிகாரத்தை அலமாரிக்குள் வைத்துவிட்டோம். ஒரு நாளைக்கு எத்தனை என்று எண்ணவில்லை. சில நாள் ஒரே ஒரு நோயாளி. சில நாள் அவள் களைத்துப்போய், இன்னிக்கு நீங்க டிஸ்சார்ஜ் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

நான் நடிப்பில் தேறிக்கொண்டே வந்தேன். ஒருநாள் நுரையீரலில் நீர் கோத்த நோயாளியாக வாயைப் பிளந்து, மார்பைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கப் போடச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் வீட்டுக்கார அம்மாவின் முகம் ஒரு நொடி தெரிந்து மறைந்ததை இருவருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து நிமிடத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. டிரைவரும் அந்த அம்மாவும் உள்ளே ஓடி வந்து, ஆளுக்கு ஒரு கையாக என்னைத் தூக்கினார்கள். விடுங்கள், எனக்கு ஒன்றுமில்லை என்று நான் சொல்லச் சொல்ல, பேசாதே, மூச்சு போய்விடும் என்று கன்னடத்தில் அதட்டினார் அந்த அம்மா. என் மனைவி சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தாள். விஷயம் புரிந்ததும் டிரைவர் உட்கார்ந்து டீ குடித்தார். தனக்கும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்து அனுப்பினாள்.

அதற்குப் பிறகு வீட்டுக்கார அம்மாவும் எங்கள் வார்டில் சேர்ந்துவிட்டார். அவருக்கு உண்மையிலேயே சர்க்கரை. காலை எப்படிக் கழுவ வேண்டும், செருப்பில் எதைப் பார்க்க வேண்டும், திடீரென வியர்த்துக் கை நடுங்கினால் உடனே எதைச் சாப்பிட வேண்டும் என்று கன்னடத்தில் அவருக்குச் சொல்லிக் கொடுப்பாள். அவர் விடாமல் ஏன், ஏன் என்று கேட்பார். அந்த ஏனுக்குப் பதில் சொல்ல முடிந்தால் பாடம் புரிந்துவிட்டது, முடியாவிட்டால் இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று கண்டுபிடித்தாள். புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து அவர் வீட்டுக்குப் போவது பழக்கமானது. சாப்பிட ஆரம்பித்தாள். நன்றாகத் தூங்கினாள்.

இரண்டாம் முறை பெங்களூருக்கு நானும் வரட்டுமா என்று தயங்கித்தான் கேட்டேன். வரலாம், ஆனால் பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது என்றாள். அன்று பஸ்ஸில் நான் தக்காளியைப் பற்றிப் பேசினேன். மாமனாரின் நிலத்தைப் பற்றி, எங்கள் கேன்டீன் சாம்பாரைப் பற்றி, இந்த டிரைவர் ஏன் இத்தனை முறை பிரேக் போடுகிறார் என்பது பற்றியெல்லாம் பேசினேன். பொம்மசந்திரா தாண்டும்போது அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஆசையாகப் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். அவள் தன் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நூத்திப் பத்து ஓடுது. பரிட்ச உங்களுக்கா, எனக்கா?"

உனக்குத்தான் என்றேன்.

"அப்ப நீங்க கொஞ்சம் மெதுவா மூச்சு விடுங்க."

பரீட்சை மையத்தின் வாசலில் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். எதிரே ஒரு டீக்கடை. மூன்று டீ குடித்தேன். அந்தக் கட்டிடத்துக்குள் எந்தக் கேள்வி வந்திருக்கும் என்று மனம் ஓடும்போதெல்லாம் அவள் சொன்ன மாதிரி மெதுவாக மூச்சு விட்டுப் பார்த்தேன். எனக்கு அது சரியாக வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவள் வெளியே வந்தபோது நான் தாளைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் வந்து, பசிக்கிறது என்றாள். பிறகுதான் தாளை நீட்டினாள். தேறியிருந்தாள்.

ஒரு சின்ன ஓட்டலில் பிசிபேளாபாத் சாப்பிட்டபடி சொன்னாள். கேள்வி ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் கொடுத்தாளாம். சர்க்கரைக் கேள்விக்கெல்லாம் வீட்டுக்கார அம்மா. நான்கு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பாய் என்று ஒரு கேள்வி. அதில் மூச்சுத் திணறுகிறவராக நான் இருந்தேனாம்.

"என்னை முதல்ல பாத்தியா?"

"பாத்தேன். ஆனா பதில உங்களுக்காகப் போடல. மூச்சுதான் முதல்ல."

எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேரிகைக்குப் போன் செய்தாள். தெலுங்கில் கொஞ்ச நேரம்தான் பேசினாள். அப்பா அழுகிறார் என்று வெளியே வந்து சொன்னாள். பூத்துக்காரர் எங்கள் இருவரையும் பார்த்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அப்போதுதான் என் முகமும் நனைந்திருப்பது எனக்குத் தெரிந்தது.

எட்டு மாதம் கழித்து அவள் கிளம்பினாள். ஒன்றரை வருடம் கழித்து எனக்கும் அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்தது. அதுவரை வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுக்கார அம்மா வீட்டு எண்ணுக்குப் போன் வரும். அந்த அம்மாதான் முதலில் எடுப்பார். கால் எப்படி இருக்கிறது, சர்க்கரை எவ்வளவு என்று அங்கிருந்து கேட்க, இங்கிருந்து இவர் கன்னடத்தில் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து என் முறைக்காகக் காத்திருப்பேன்.