மகள் பறக்க நான் வாங்கிய அபாயக் கருவி

எங்கள் வீட்டில் விமானம் ஓட்டுகிறவள் என் மகள். ஆனால் அவள் என்ன கருவியைக் கட்டிக்கொண்டு பறக்க வேண்டும் என்று முடிவு செய்தவன் நான். படித்தது அஞ்சாங் கிளாஸ். லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராக இறங்கி, இன்றைக்கு மேலூர் குவாரிகளிலிருந்து மதுரைக்கு ஜல்லி அடிக்கிற டிப்பர் வண்டிகளின் முதலாளி. இந்தப் பக்கத்தில் வண்டிக்கு ஜிபிஎஸ் மாட்டிய முதல் ஆள் நான்தான். மறுப்பவர் யாராவது இருந்தால் நேரில் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

மகள் பைலட் லைசென்ஸ் வாங்கியதும் ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. பயிற்சிப் பள்ளியில் கொஞ்ச காலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு நல்ல வேலை வந்தது. இரண்டு பேர் உட்காருகிற சின்ன விமானத்தில், மேற்கு மலைக் காடுகளின் மேல் பறந்து படம் எடுத்து வர வேண்டும். சம்பளமும் நல்ல சம்பளம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

என் மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள்.

"மலைக்குள்ள எங்கயாவது இறங்கிருச்சுன்னா, இவ எங்க கெடக்கான்னு யாருக்குங்க தெரியும்?"

அவள் 'விழுந்துட்டா' என்ற வார்த்தையை வாயில் எடுக்கவே மாட்டாள். எப்போதும் 'இறங்கிருச்சுன்னா'தான்.

"நீ பாட்டுக்குப் போ தாயி, உங்கம்மா நாலு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பா, அப்புறம் சரியாயிருவா" என்றேன் நான்.

மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா, பறக்கிறப்ப என் கவனம் பூரா இங்கதான் கெடக்கும்ப்பா. அம்மா 'சரி'ன்னு சொன்னாத்தான் போவேன்."

ஆக, என் மனைவி வாயிலிருந்து ஒரு 'சரி' வர வேண்டும். திங்கட்கிழமைக்குள் வர வேண்டும். வேலையை நான் கையில் எடுத்துக்கொண்டேன்.

முதலில் எங்கள் வண்டியில் மாட்டுகிற ஜிபிஎஸ் ஒன்றை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். "இத விமானத்துல மாட்டிருவோம். உங்கம்மா செல்லுலயே நீ எங்க போறேன்னு பாத்துக்கிட்டே இருப்பா."

மகள் சிரித்தாள். "அப்பா, இது இடத்தக் கண்டுபிடிக்கிறது மேல இருக்கிற சாட்டிலைட்ட வச்சு. ஆனா அத நம்மகிட்டச் சொல்றது செல் டவர் வழியா. காட்டுக்குள்ள டவர் எங்க இருக்கு?"

அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. குவாரிப் பள்ளத்துக்குள் வண்டியை இறக்கியதும் என் செல்லில் புள்ளி அப்படியே நின்றுபோகும். டிரைவர் கீழே நிழலில் படுத்துத் தூங்கிவிட்டு, "சிக்னல் இல்லண்ணே" என்பான். அதனால் அந்தச் சாமானை நானே மேசையிலிருந்து எடுத்துவிட்டேன்.

அடுத்து, துபாயில் இருக்கிற என் சிநேகிதன் ஒரு யோசனை சொன்னான். மலை ஏறுகிறவர்கள் வைத்திருக்கிற சின்னக் கருவி, டவரே இல்லாத இடத்திலிருந்தும் சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும், வரும்போது பையில் போட்டுக் கொண்டுவருகிறேன் என்றான். மகள் பதறிப்போனாள். "வேண்டவே வேண்டாம்ப்பா. அத இங்க வச்சிருக்கணும்னா சர்க்கார் அனுமதி வேணும். ஏர்போர்ட்லயே அவர உக்கார வச்சிருவாங்க." சிநேகிதனுக்குப் போன் போட்டு, பேரீச்சம்பழம் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் மகள் விவரமாகச் சொன்னாள். விமானத்தின் வாலுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு அபாயப் பெட்டி இருக்கிறது. பலமாக மோதினால் யாரும் தொடாமலே அது தானாக வேலை செய்து, சாட்டிலைட்டுக்குக் கூப்பிடும்.

"அப்புறம் என்ன? அதான் இருக்கே" என்றேன்.

என் மனைவி விடவில்லை. "மோதுற மோதுல அந்தப் பெட்டியே ஒடஞ்சு போச்சுன்னா?"

அப்படியும் நடக்கும் என்று மகள் முகத்திலேயே தெரிந்தது. "அதுக்குத்தாம்மா ஆள் மேலயே மாட்டிக்கிற கருவி ஒண்ணு இருக்கு" என்றாள். உள்ளங்கை அளவு. ஆன்டெனாவை விரித்துப் பட்டனை அமுக்கினால், இடத்தோடு சேர்த்து இன்னார் ஆபத்தில் இருக்கிறார் என்று சாட்டிலைட்டுக்குச் சொல்லும். அங்கிருந்து தேடுகிற ஆட்களுக்குப் போகும்.

முறைப்படி விற்கிற இடத்தில் சொல்லி வாங்கினோம். மகள் பெயரில் பதிவு செய்தோம். ஆபத்து என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டதற்கு, முதலில் என் நம்பர், அடுத்து மனைவி நம்பர். மகள் அதைத் தன் பைக்குள் வைக்கப் போனாள். நான் தடுத்தேன். ஒரு தடவை என் வண்டியில் தீப்பிடித்தபோது, அணைக்கிற சிலிண்டர் சீட்டுக்குப் பின்னால் ஜாக்கிக்கு அடியில் கிடந்தது. வண்டி எரிந்து முடிந்த பிறகுதான் கைக்குக் கிடைத்தது. "பையில வச்சா பையோட போயிரும் தாயி. சட்டை மேல மாட்டு. ரெண்டு கையில எந்தக் கையாலயும் எட்டணும்." பைலட்டே ஒத்துக்கொண்ட யோசனை இது.

அவள் கருவியில் சோதனை பட்டனை அமுக்கிக் காட்டினாள். பச்சை விளக்கு மின்னியது.

"விளக்கு எரிஞ்சாப் போதுமா?" என்றாள் என் மனைவி. "கூப்பிட்டா யாராவது கேப்பாகளா? அதத்தான் நான் கேக்குறேன்." எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நியாயமான கேள்வி. நான் என் வாழ்நாளில் சோதித்துப் பார்க்காமல் எந்தச் சாமானும் வாங்கியதில்லை. ஜாக்கி வாங்கினால் லோடு ஏற்றிய வண்டிக்கு அடியில் வைத்துத் தூக்கிப் பார்த்த பிறகுதான் கடைக்காரரை ஊருக்கு அனுப்புவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், மகள் குளித்துக்கொண்டிருந்த நேரம், கருவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன். திருவாதவூர் தாண்டி எங்களுக்குப் பழக்கமான குவாரி ஒன்று இருக்கிறது. டவர் எட்டாத பள்ளம். அங்கே வேலை செய்தால் எந்த மலையிலும் வேலை செய்யும் என்பது என் கணக்கு.

டிரைவரை மேலே வண்டியோடு நிற்கச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். கருவியில் சிவப்பு எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. நல்ல சாமான் எதிலும் ஏதாவது எழுதித்தான் இருப்பார்கள். பட்டனுக்கு மேல் ஒட்டியிருந்த சீலை உடைத்தேன். ஆன்டெனாவை விரித்தேன். பட்டனை அமுக்கினேன். விளக்கு வெட்டி வெட்டி எரிந்தது. ஒரு பாறை மேல் உட்கார்ந்து காத்திருந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. என் செல்லில் ஒரு கோடுகூடச் சிக்னல் இல்லை. காக்காய் ஒன்று வந்து கருவியைப் பார்த்துவிட்டுப் போனது. வெயில் ஏறியது. இம்புட்டுப் பணம் கொடுத்து மினுக்கட்டாம் பூச்சி ஒன்றை வாங்கிவிட்டோமே என்று எரிச்சலாக வந்தது. திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று எழுந்தேன்.

அப்போது மேலேயிருந்து டிரைவர் கத்தினான். "அண்ணே! அண்ணி லைன்ல இருக்காக! கையில இருக்கிறத உடனே ஆஃப் பண்ணச் சொல்றாக!"

"எதை?"

"நீங்க எதை அமுக்குனீகளோ அதைத்தான்! ரொம்பக் கோவமா இருக்காகண்ணே, சீக்கிரம்!"

வீட்டில் நடந்ததை அப்புறம் மகள் சொல்லித்தான் தெரியும். எங்கோ தூரத்து அலுவலகத்திலிருந்து முதலில் என் நம்பருக்கு அடித்திருக்கிறார்கள். கிடைக்கவில்லை. உடனே என் மனைவிக்கு அடித்திருக்கிறார்கள். தமிழ் தெரிந்த ஒருவர் பேசியிருக்கிறார்.

"அம்மா, உங்க பொண்ணு இப்ப எங்க இருக்காங்க?"

"இந்தா, எனக்கு முன்னாடிதான். தோசை ஊத்திக்கிட்டு இருக்கா."

"அவங்க பேர்ல இருக்கிற கருவியிலேர்ந்து அபாய சிக்னல் வருதும்மா. மேலூர்ப் பக்கம், ஒரு பள்ளம் மாதிரி இடத்துல காட்டுது."

என் மனைவிக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. "அது பொண்ணு இல்லங்கய்யா. எங்க வீட்டுக்காரரு."

"அவருக்கு ஏதாவது ஆபத்தாம்மா?"

"இப்ப இல்லைங்க. வீட்டுக்கு வந்தப்புறம்தான்."

மகள் போனை வாங்கி, தவறுதலாக அமுக்கியது, யாரும் தேடிக் கிளம்ப வேண்டாம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அந்த மனிதரும் தன்மையாகத்தான் பேசினாராம். ஆனால் ஒன்று சொன்னாராம்: இங்கே பொய்யாக ஒரு விளக்கு எரிந்தால், அந்த நேரத்தில் நிசமாகவே கூப்பிடுகிற இன்னொருவருக்குத் தாமதமாகும். அது எனக்கும் உறைத்தது. அதனால் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: சோதனை பட்டனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழுசாகச் சோதிக்கிற வேலையை உங்கள் எல்லோருக்கும் சேர்த்து நான் முடித்தாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். தட்டில் தோசை வந்தது. சட்னி வரவில்லை. மகள் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். "சீல ஒடச்சுட்டீங்களேப்பா. பேட்டரியையும் மாத்தணும். அம்மாட்ட நான் இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேப்பேன்?"

வேலை போனது என்றே அவள் நினைத்துவிட்டாள். சொன்னால் என்ன, நானும் கொஞ்ச நேரம் அப்படித்தான் நினைத்தேன்.

என் மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "ஏங்க, அந்தப் பள்ளம் எம்புட்டு ஆழம் இருக்கும்?"

"பனை மரத்த நட்டா உச்சி வெளிய தெரியாது."

"டவர் கெடைக்கலையா?"

"சுத்தமா இல்ல."

கரண்டியை என் பக்கம் நீட்டினாள். "உங்க செல்லுக்கே தெரியாத எடம். அவுக கண்டுபிடிச்சுக் கூப்பிட்டுட்டாக. நீங்க கெளம்பிப் போயி, இவ தோசை ஊத்தி முடிக்கலைங்க, அதுக்குள்ள போன் வந்துருச்சு." பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "சரி. வேலைக்கு வாரேன்னு நாளைக்குச் சொல்லிரு. ஆனா எழுதிக் குடுத்ததுல என் நம்பர முதல்ல போடச் சொல்லு. உங்கப்பாவ அங்கிட்டுத் தள்ளு."

மகள் அவளைக் கட்டிப்பிடித்ததில் கரண்டி மாவு என் சட்டையில் தெறித்தது. சட்னியும் வந்தது.

இந்த வேலை என்னால்தான் முடிந்தது என்பதை இன்றுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் சொன்னால் மட்டும் இருவரும் சிரிக்கிறார்கள். பேட்டரி மாற்றி வந்த கருவியை மகள் கிளம்புகிறவரைக்கும் என் மனைவி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ரயிலேற்றிவிடப் போனபோது அவளே அதை மகளின் சட்டையில் மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"ரயில்ல எதுக்கும்மா இது?" என்றாள் மகள்.

"பழகிக்க" என்றாள் என் மனைவி. "லீவுக்கு வீட்டுக்கு வந்தா மட்டும் கழட்டி எங்கிட்டக் குடுத்துரு."