வண்டியின் பூட்டு வெளியில் இருந்தது

தலைநகரில் நடக்கப்போகும் விளையாட்டுப் போட்டிக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்றதும், போலீசுக்குப் பிச்சைக்காரர்கள் மேல் திடீரென்று கருணை பிறந்திருக்கிறது.

இன்று காலை லக்ஷ்மிபாய் நகர் பஸ் ஸ்டாப்பில் ஒரு கான்ஸ்டபிள் என்னைக் கூப்பிட்டார். அங்கே பிச்சை எடுக்கும் சேலத்துக் கிழவிக்கு ஹிந்தி தெரியாது.

"பாபுஜி, உங்க மதராசி பாஷையில சொல்லுங்க. பிச்சைக்காரர் விடுதியில ரொட்டி, கட்டில், டாக்டர் எல்லாம் உண்டு. வண்டியில ஏறட்டும்."

"வண்டிக் கதவுக்கு வெளியே எதுக்குப் பூட்டு?" என்று கேட்டேன்.

"கீழே விழுந்துடாம இருக்கத்தான்."

கிழவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டையும் சேர்த்துத்தான்.

"எப்ப வெளிய விடுவாங்களாம் சாமி?"

கேட்டேன். "அதை மாஜிஸ்ட்ரேட் சொல்வார்" என்றார் கான்ஸ்டபிள்.

அதையும் சொன்னேன். அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் போய்விட்டாள்.

"அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"நீங்க சொன்னதைத்தான்."

சாயங்காலம் அதே இடத்தில் குளிரில் சுருண்டு கிடந்தாள். கிடைக்க இருந்த கட்டிலை நான் கெடுத்துவிட்டேன் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

அப்படி நினைப்பவர்கள் நம் குடியிருப்பு அறிவிப்புப் பலகையில் நான் ஒட்டியிருக்கும் இந்தத் தாளின் கீழேயே எழுதுங்கள். நேரில் திட்ட வருபவர்கள் ஒரு போர்வையோடு வாருங்கள். என்னுடையது இப்போது அவளிடம் இருக்கிறது.