கேமராவுக்குள் ஒரு கரும்புள்ளி

அத்தையின் கேமராவுக்குள் ஒரு கரும்புள்ளி விழுந்துவிட்டது. அது போகாவிட்டால் அவளுக்கு வேலை ஓடாது.

அத்தை என் அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டின் முன்னறைதான் அவளுடைய ஸ்டுடியோ. ஃபிலிம் கேமராவில் மட்டுமே படம் எடுப்பாள். அதற்காகவே தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவளுக்குப் பேச்சும் சத்தம், கோபமும் சத்தம். கேமராவைக் கையில் எடுத்துவிட்டால் மட்டும் பூனை மாதிரி நடப்பாள். பள்ளிக்கூடம் முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்கும் வாசலுக்கும் அலைந்துகொண்டிருந்த எனக்கு அவளைப் பார்ப்பதே பொழுதாக இருந்தது.

பக்கத்துக் கட்டடம் மரப்பட்டறை. அதனால் தூசி எங்களுக்குப் புதிதல்ல. அதை எடுக்க அத்தைக்கு ஒரு முறை உண்டு. ஃபிலிமைச் சுற்றி வெளியே எடுத்த பிறகுதான் கேமராவில் கை வைப்பாள். மின்விசிறியை நிறுத்துவாள், ஜன்னலைச் சாத்துவாள். லென்ஸைக் கழற்றி, கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, காற்றடிக்கும் ரப்பர் உருண்டையை மெதுவாக அழுத்துவாள். கிளம்பும் தூசி கீழே விழுந்துவிடும். வாயால் ஊதமாட்டாள், எச்சில் தெறிக்கும் என்று. ஃபிலிம் உட்காரும் அறையை மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் தட்டுவாள். ஷட்டர் திரையையும் உள்ளே இருக்கும் கண்ணாடியையும் விரல்நுனி கூட அண்டக் கூடாது. துணி பட்டாலே அந்தக் கண்ணாடி கீறிவிடும்.

"தொட்டே, கெட்டே" என்பாள்.

இந்தப் புள்ளி ஒரு வாரமாக எதற்கும் மசியவில்லை. காற்றடித்தாள், பார்த்தாள், மறுபடி அடித்தாள். கடைசியில் வாசலுக்குப் போய் பட்டறைக்காரரிடம் சண்டை பிடித்தாள்.

"தம்பி, உன் மரத்தூளு என் கேமராவுல குடித்தனமே நடத்துது!"

"வாடகை வாங்கிக்கங்கக்கா" என்றார் அவர், மரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆமா, காலைல அந்த வெள்ளச் சுவத்தப் போட்டு அந்தத் தேய் தேச்சீங்களே, அதுலயும் என் தூளுதானா?"

எந்தச் சண்டையிலும் கடைசி வார்த்தை அத்தையுடையதாகத்தான் இருக்கும். அன்று பதில் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டாள்.

மறுநாள் ஒரு குடும்பம் படம் எடுக்க வருவதாக இருந்தது. அன்று சாயங்காலம் நான் முன்னறைக்குள் நுழைந்தபோது அத்தை மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியை விரலில் சுற்றிக்கொண்டு கேமராவின் உள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை! தொட்டே கெட்டேன்னு நீதானே சொல்லுவ?"

"போகமாட்டேங்குதுடி. என்ன பண்ணாலும் போகமாட்டேங்குது."

நான் லென்ஸை மாட்டி, கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்தேன். குறுக்கே மயிரிழை போல ஒரு புதுக் கீறல். கரும்புள்ளி எங்கும் இல்லை.

"புள்ளியே இல்லையே அத்தை."

"உன் கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? நடுவுல, மிளகு கணக்கா நிக்குது பாரு!"

"சரி, நீ இடது கண்ணால பாரு."

"நான் என்னைக்குடி இடது கண்ணால பாத்திருக்கேன்?"

"ஒரே ஒரு தடவ."

முணுமுணுத்துக்கொண்டே கேமராவை இடது கண்ணுக்கு மாற்றினாள். அப்படியே அசையாமல் நின்றாள். பட்டறையில் ரம்பம் நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது. அவள் கேமராவை மேஜைமேல் வைத்தாள்.

"சுவத்துலயும் தெரிஞ்சுதுடி" என்றாள். "அதான் சுவத்தையும் தொடச்சேன்."

அப்பா உடனே அவளைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நானும் போனேன். டாக்டர் வெகுநேரம் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"இவ்வளவு நாளா ஏம்மா வரல?"

"கேமராவுலதான் அழுக்குன்னு நெனச்சேன் டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. கண்ணின் பின்பக்கத் திரையில் கிழிசல் விழுந்திருப்பதாகச் சொன்னார். லேசர் வைத்து அது பெரிதாகாமல் தடுக்கலாம். புள்ளி மறையுமா என்று இப்போது சொல்ல முடியாது. "கண்ண மட்டும் தேய்ச்சிடாதீங்க" என்றார். அத்தை என்னைப் பார்த்தாள்.

லேசர் வைத்து வீட்டுக்கு வந்த பிறகு, படம் எடுக்க வரவிருந்தவர்களிடம் இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டோம். எந்த நாள் என்று அத்தை சொல்லவில்லை. கேமராவை எடுத்து இடது கண்ணில் வைத்துப் பழகிப் பார்த்தாள். மூக்கு கேமராவின் முதுகில் நசுங்கியது. ஃபிலிம் நகர்த்தும் லீவர் நெற்றியில் இடித்தது.

"இந்த மூக்க எங்கடி கழட்டி வைக்கிறது?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். கேமரா தானாகவே வலது கண்ணுக்குப் போயிருந்தது.

அதை மடியில் இறக்கி வைத்துவிட்டு எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க ஏதாவது இருக்காடி?"

"இல்ல அத்தை."

"உக்காந்த எடத்துலேருந்து சொல்லாத. போய்ப் பாரு."

எழுந்து போனேன். சுவரில் முகம் படும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தேன். உள்ளங்கையால் தடவினேன். அவள் தேய்த்த இடம் மட்டும் மற்ற இடங்களைவிட வெளுத்திருந்தது.

"ஒண்ணும் இல்ல அத்தை" என்றேன்.