வாரத்துக்கு விட்ட வெள்ளாடு

நாங்கள் குடியிருக்கும் ஐந்தோவன் நகரத்தில், தெருமுனை சூப்பர்மார்க்கெட்டில் ஒயின் பாட்டில்கள் கைக்கு எட்டும் அலமாரியில் சும்மா நிற்கின்றன. கைக்குழந்தைகளுக்கான ஆட்டுப்பால் மாவு டின்னுக்கு மட்டும் கழுத்தில் பிளாஸ்டிக் பூட்டு. காசு கொடுத்த பிறகு கல்லாவில் இருக்கும் பெண் அதை ஒரு கருவியால் கழற்றித் தருவாள். பொம்மிடிப் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கு ஆட்டைத் திருடுவார்கள் என்று தெரியும். ஆட்டுப்பாலைத் திருடுவார்கள் என்பதை நெதர்லாந்து வந்துதான் தெரிந்துகொண்டேன். டின்னின் மேல் வெள்ளைவெளேர் என்று ஓர் ஆடு, காதுகளை விடைத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி நிற்கிறது. எங்கள் ஊர் ஆடு கறுப்பு. காது தொங்கும். அது சிரித்து நான் பார்த்ததில்லை; சிரிக்கும்படி நாங்கள் அதை நடத்தியதும் இல்லை.

அந்த டின் எங்கள் வீட்டுக்கு வந்தது பக்கத்து வீட்டு ஆன்ஸ் அம்மாவின் தயவால். எழுபது வயதிருக்கும், தனியாக இருக்கிறார், சைவம். என் மகள் அமுதினிக்கு மூன்றாம் மாதத்திலிருந்தே கன்னம், முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்புறம் எல்லாம் சிவந்து, நீர் கசிந்து, தோல் செதிள் செதிளாக உரிந்துகொண்டிருந்தது. சொறிந்து ரத்தம் வரவைத்துவிடுவாள் என்று கையில் துணி உறை மாட்டி வைத்திருந்தோம். தள்ளுவண்டியில் அவளைப் பார்த்த ஆன்ஸ், மறுநாளே டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய பேரனுக்கு இதில்தான் குணமானதாம். "உங்கள் ஊரிலும் ஆடு உண்டா?" என்று கேட்டார். நிறைய உண்டு, என் அப்பாவின் நிலத்தைச் சுற்றி எங்கும் ஆடுதான் என்றேன். "அப்படியென்றால் உங்களுக்கு இந்தப் பாலின் அருமை தெரியுமே!" என்று மகிழ்ந்தார். நாங்கள் ஆட்டைக் கறப்பதில்லை, பால் குட்டிக்கு, ஆடு எங்களுக்கு என்று என் அரைகுறை டச்சில் விளக்கினேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, செந்தில் என் கையைக் கிள்ளினான். செந்தில் என் கணவன். பேச்சு எங்கே நிற்க வேண்டும் என்பது எனக்கு எப்போதும் ஒரு வாக்கியம் கழித்துத்தான் தெரியும் என்பது அவன் கட்சி.

அமுதினி என்று பெயர் வைத்த குழந்தைக்குப் பால் ஆகாது என்பது ஐந்தாம் மாதம் தெரிந்தது. என் பால் போதாமல் கடையில் வாங்கிய மாட்டுப்பால் மாவைக் கரைத்து நாலு ஸ்பூன் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, குடித்ததையெல்லாம் கக்கிவிட்டாள். மாட்டுப்பால் ஒவ்வாமை என்றார்கள். புரதத்தைச் சிறு சிறு துண்டாக உடைத்த மருத்துவ மாவு ஒன்றை எழுதிக்கொடுத்தார்கள். அதன் வாடை மாட்டுக்கு வைக்கும் கழுநீர்த் தொட்டியை நினைவூட்டும். உணவு ஆலோசகரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருந்து போனோம். உயரமான சின்னப் பெண், அலமாரி நிறையப் பொம்மைக் காய்கறி வைத்திருந்தாள். ஆட்டுப்பால் கொடுக்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம். இரண்டு பாலின் புரதமும் அக்கா தங்கை மாதிரி. மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது," என்றாள். ஒவ்வாமை இல்லாத குழந்தைக்கும்கூட ஒரு வயதுக்குள் வெறும் ஆட்டுப்பால் தாய்ப்பாலுக்கு ஈடாகாதாம். பிறகு, குடும்பத்தில் யாருக்காவது இந்தத் தோல் நோய் இருந்ததா என்று கேட்டாள். இல்லவே இல்லை, எனக்குச் சின்ன வயதில் கரப்பான் இருந்தது, அவ்வளவுதான் என்றேன். கரப்பானையும் அவள் சொல்லும் எக்ஸிமாவையும் நான் அதுவரை ஒன்றாக வைத்துப் பார்த்ததே இல்லை. ஒன்று பொம்மிடியில் வருவது, இன்னொன்று ஐரோப்பாவில் வருவது என்றே நினைத்திருந்தேன்.

எனக்குக் கரப்பான் வந்த கதை எங்கள் வீட்டில் பல முறை சொல்லித் தேய்ந்த கதை. எனக்கு அப்போது ஒன்றரை வயது. கத்திரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது என்று வீடே பத்தியம் இருந்ததாம். யாரோ ஆட்டுப்பால் கொடுக்கச் சொல்ல, அப்பா தினமும் விடியற்காலையில் ஏரிக்கரையைச் சுற்றி இரண்டு மைல் நடந்துபோய், கறக்கவிடாத ஆட்டின் காலைப் பிடித்துக் கறந்து, ஒரு சொம்பில் கொண்டுவருவாராம். ஆறே மாதத்தில் தோல் பட்டாகிவிட்டதாம். கல்யாண வீடுகளில், காது குத்துகளில், என்னைப் பெண் பார்க்க வந்த செந்தில் வீட்டாரிடம்கூட அப்பா இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். வேறு பெருமை எதையும் பேசுகிற ஆள் அல்ல. மஞ்சள் நன்றாக விளைந்தால்கூட மழைதான் காரணம் என்பார். இந்த ஒன்றை மட்டும் தன் சாதனையாக வைத்திருந்தார்.

அப்படிப்பட்டவர் பேத்தியின் கன்னத்தை வீடியோவில் பார்த்தால் என்ன சொல்வார்? அம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது. வீட்டில் தனியாக இருக்கும் மனிதருக்குப் போனில் பேச இது ஒன்றே போதுமானதாக இருந்தது. "ஆட்டுப்பாலு குடுத்தியா சாமி?" தினமும் இதே கேள்வி. முதல் வாரம் புரதம், ஒவ்வாமை என்று விளக்கினேன். "அதெல்லாம் சரி, ஆட்டுப்பாலு குடுத்தியா?" என்றார். இரண்டாவது வாரம் எரிச்சல்பட்டேன். மூன்றாவது வாரம், மருத்துவ மாவாலும் களிம்பாலும் அமுதினியின் கன்னம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அப்பா திரையை உற்றுப் பார்த்தார். "மொகம் பரவால்லயே! ஆட்டுப்பாலு குடுக்கறயா?" ஆன்ஸ் கொடுத்த டின் பிரிக்காமல் எதிரே அலமாரியில் சிரித்துக்கொண்டிருந்தது. "குடுக்கறேன்ப்பா. இங்க டின்லயே வருது," என்றேன்.

அவ்வளவுதான். தூரத்தில் இருந்துகொண்டு சொல்லும் பொய்க்கு ஆயுள் அதிகம், யாரும் வந்து எட்டிப் பார்க்கப் போவதில்லை என்று நினைத்தேன். அடுத்த வாரம் போனை எடுத்தால் திரையில் அப்பா இல்லை, ஓர் ஆடு இருந்தது. நல்ல கறுப்பு, சினை. "டின்னு பாலுக்கே இப்படித் தெளியுதுன்னா பச்சப்பாலு குடுத்தா எப்படித் தெளியும்! நீங்க வர்றதுக்குள்ள குட்டி போட்டுரும்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு அழைப்பிலும் ஆடு வந்தது. அதற்கு அகத்திக் கீரை, வேலங்காய், கடலைக்கொடி என்று ராஜ உபசாரம். பிள்ளைக்கு ஆகாதென்று எருக்கம் பக்கமே விடுவதில்லையாம். நான் சினையாக இருந்தபோது எனக்கு இத்தனை பத்தியம் யாரும் பார்க்கவில்லை. "பொய் சொன்னது நீ, ஊருக்குப் போய் நீயே சொல்லிக்கோ," என்று செந்தில் ஒதுங்கிக்கொண்டான்.

அமுதினிக்குப் பதினோரு மாதம் ஆனபோது போனோம். பெங்களூரில் இறங்கிக் காரில் வரும்போது, கிருஷ்ணகிரி தாண்டியதும் சொல்லிவிட வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். தருமபுரி தாண்டியதும் வீட்டில் வைத்துச் சொல்லலாம் என்று மாற்றினேன். வீட்டில் அப்பா பேத்தியைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தார். அந்த முகத்தைப் பார்த்து, நாளைக் காலையில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். காலையில் எழுந்தபோது ஆட்டுக்குட்டி கத்திக்கொண்டிருந்தது. தாயிடம் ஊட்டவிடாமல் அதைப் பிரித்துக் கட்டியிருந்தார் அப்பா. ஏன் என்று யோசிக்காமல் நான் பல் துலக்கப் போனேன். அந்த முட்டாள்தனத்துக்கு எந்த ஊரிலும் மன்னிப்பு கிடையாது.

திரும்பி வந்தால், அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் அமுதினி. கையில் நான் குடித்த அதே வெள்ளிப் பாலாடை. "அப்பா!" என்று நான் கத்திய கத்தலில் பாலாடை நழுவி விழுந்தது. காய்ச்சி ஆற்றிய பால் அவள் வாயோரத்திலிருந்து கழுத்துக்கு வழிந்தது. உள்ளே எவ்வளவு போனது என்று தெரியவில்லை. துடைத்துக்கொண்டிருக்கும்போதே, பால் வழிந்த தடத்திலேயே, கோடு போட்டது போலத் தோல் சிவந்து தடித்து எழுந்தது. உதடு வீங்கியது. கைப்பையில் இருந்த சொட்டு மருந்தை ஊற்றினேன். பாதி என் மேலேயே சிந்தியது. எத்தனை ஆயிரம் மைல் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளத் துணிவில்லாமல் என் பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

தருமபுரிக்குக் காரை விரட்டினான் செந்தில். போய்ச் சேர்வதற்குள் வீக்கம் வடியத் தொடங்கிவிட்டது. மருத்துவர் மூச்சைப் பார்த்தார், ஊசி ஒன்று போட்டார், மதியம் வரை இருக்கச் சொன்னார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு அப்பாவே பதில் சொன்னார். "மாட்டுப்பால் சேராத கொழந்தைக்கு ஆட்டுப்பாலும் சேராதுங்கய்யா. ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி," என்றார் மருத்துவர். ஐந்தோவனில் மூன்று வாரம் காத்திருந்து கேட்ட அதே வாக்கியம், இங்கே வரிசையில் நிற்காமலே கிடைத்தது.

திரும்பும் வழியில் அமுதினி என் தோளில் தூங்கினாள். முன் இருக்கையில் இருந்த அப்பா திரும்பாமலே கேட்டார்: "டின்னுல குடுக்கறன்னு சொன்னியே?"

"பொய்ப்பா. நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க. அதான் சொல்லிட்டேன்." அழுதுவிட்டேன். நேற்றே சொல்லியிருக்க வேண்டும் என்றேன், அதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றேன்.

அவர் கொஞ்ச தூரம் சாலையோரத்துப் புளியமரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "உனக்கும் ஆவல," என்றார்.

"என்னது?"

"ஆட்டுப்பாலு. நாலு நாளுதான் குடுத்தன். நாலு நாளும் கக்கிட்ட. ஆவலன்னு சொன்னா உங்கம்மா பேசியே கொன்னுருவாளேன்னு, அதுக்கப்புறம் கறந்தாந்தத வர்ற வழியில ஏரிக்கரையில உக்காந்து நானே குடிச்சிருவன். ஆடு இருக்கற ஊருலயே ஒருத்தர் மந்திரிச்சி புள்ளைக்கு ஊத்துறதா உங்கம்மாகிட்ட சொல்லி, உன்னையும் தூக்கிட்டுப் போவன். தோலு தன்னால சரியாப் போச்சு."

செந்தில் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். "அப்புறம் எதுக்கு மாமா ஆடு வாங்கினீங்க?"

"முப்பது வருசமா சொல்லிச் சொல்லி எனக்கே நெசமாப் போச்சு மாப்ள."

யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை. பிள்ளை விழித்துக்கொள்ளும் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். "இன்னொரு வாய் உள்ள போயிருந்தா என்னா பண்ணியிருப்பன்," என்று இரண்டு முறை சொன்னார். பொய் சொல்வது எங்கள் வீட்டில் எக்ஸிமா போலப் பரம்பரையாக வருகிறது, அதைத்தான் அந்த ஆலோசகர் பெண் கேட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா செய்த முதல் வேலை, குட்டியை அவிழ்த்து விட்டது. அது ஓடிப்போய்த் தாயின் மடியை முட்டி முட்டிக் குடித்தது. எவ்வித ஒவ்வாமையும் அதற்கு இல்லை. ஆட்டை இனி என்ன செய்வது? விற்க மனமில்லை, தனியாளாகப் பார்க்கவும் முடியாது. நிலத்துக்குப் பக்கத்தில் பட்டி போட்டிருக்கும் மாதம்மாவைக் கூப்பிட்டு வாரத்துக்கு விட்டார். எங்கள் பக்கம் வழக்கமான ஏற்பாடுதான். ஆடு நம்முடையது, மேய்ப்பதும் நோய்நொடி பார்ப்பதும் அவர்கள், போடுகிற குட்டியில் ஆளுக்குப் பாதி. "பாப்பா பேருலயே உடுங்கண்ணா. புள்ள குடிக்காட்டி என்னா, புள்ளையோட ஆடுதான்," என்றார் மாதம்மா.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. அமுதினியின் தோல் நன்றாகத் தெளிந்துவிட்டது. அடுத்த மாதம் மருத்துவமனையில் வைத்து மறுபடி பாலைச் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள். ஆன்ஸ் கொடுத்த டின் பிரிக்கப்படாமலே காலாவதியாகிவிட்டது. டின் உதவியதா என்று அவர் வாசலில் கேட்டபோது, இல்லை, அவளுக்கு அது ஆகாது, உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று உண்மையைச் சொன்னேன். என் டச்சு அவ்வளவு சுத்தமாக அதற்கு முன் வந்ததில்லை. ஆனால் ஊரில் அவளுக்கு ஓர் ஆடு இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டேன். சாப்பிடுவதற்கா என்று அவர் தயங்கிக் கேட்டார். இல்லை என்றேன். இந்த முறை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா பட்டியிலிருந்து கூப்பிட்டார். ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. ஒன்று மாதம்மாவுக்கு, ஒன்று அமுதினிக்கு. அவள் குட்டிக்கு அடையாளமாகக் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். அமுதினி திரையில் குட்டியைத் தொட்டுத் தொட்டு "ஹெய்ட், ஹெய்ட்" என்றாள். பக்கத்துக் குழந்தைகள் காப்பகத்தில் கற்ற டச்சு. ஆட்டைத்தான் சொல்கிறாள் என்று அப்பாவுக்கு விளக்கினேன். "ஏதோ ஒண்ணு, கூப்புடறாளே," என்றார்.

குட்டி பால் மறந்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிக்கொள்வீர்களா என்று கேட்டேன்.

"எதுக்குச் சாமி? இங்க நான் ஒத்த ஆளு, என்னாத்தப் பாப்பன்? மேய்ச்சல் நல்லா இருக்கற எடத்துலியே வளரட்டும். எங்க வளந்தா என்னா, பாதி நம்முதுதான்."

அப்போது அவர் குட்டியைப் பார்க்கவில்லை. போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.