ரோஸ் நிறத்தில் பூத்த புளியாரை

சக ஆசிரியை ஒருவர் சொன்னது சரி என்று தெரிந்த பிறகும் அதைத் தவறு என்று சொன்னவன் நான். அறுபதுகளின் தொடக்கத்தில், விருதுநகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தபோது நடந்தது. அவர் பூகோள டீச்சர். வழியில் கண்ட இலையைக் கைக்குட்டையில் மடித்து வந்து, "இது என்னது சார்?" என்று அடிக்கடி கேட்பார்.

மாணவர்களுடன் மேற்கு மலைக்குப் போயிருந்தோம். ஏலத் தோட்டத்தின் பழைய பங்களா அருகே மூன்று மூன்று இலைகளுடன் ஒரு செடி. மென்றால் புளித்தது. "நம்ம புளியாரைதான்" என்றேன்.

"அது மஞ்சளால்ல பூக்கும்? இது ரோஸ் கலரு. கொடியா ஓடவும் காணோம். காட்டுக்குள்ள ஒண்ணுகூட இல்ல, பங்களாவைச் சுத்தித்தான் கெடக்கு. துரைமாரு பூந்தொட்டியில வந்த வெளிநாட்டுச் செடியா இருக்கும் சார்" என்றார் டீச்சர்.

"மலைக் குளிருக்கு நிறம் மாறியிருக்கும்."

"குளிருக்கு நம்ம உதடுதான் சார் நிறம் மாறும்!"

மாணவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

பள்ளிக் கண்காட்சியில் 'வெளிநாட்டுச் செடிகள்' என்று ஒரு மேசை போட அவர் ஆசைப்பட்டார். அந்தப் பூவும் இலையும்தான் அதில் முக்கியம். தலைமையாசிரியர் என் கருத்தைக் கேட்டார். நான் மண்ணோடு கொண்டுவந்திருந்த செடியைக் கழுவிப் பார்த்தேன். அடியில் சின்ன வெங்காயம் போல் ஒரு கிழங்கு. அதைச் சுற்றிப் பொடிக் கிழங்குகள். நம் புளியாரைக்கு இப்படிக் கிழங்கு கிடையாது. இருந்தும், "சாதாரணப் புளியாரைதான்" என்றேன். மேசை ரத்தாயிற்று. கிழங்கைச் சோதனைக்கூடத்தின் பின்னால், குடிநீர்ப் பானை ஒழுகும் இடத்தில் வீசினேன்.

ஐப்பசி மழையில் அது முளைத்தது. குளிரே அறியாத விருதுநகரில், அதே ரோஸ் நிறத்தில் பூத்தது.

தலைமையாசிரியரிடமும், பிறகு வகுப்பிலும், நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மாலையில் டீச்சர் வந்தார்.

"கெழங்கை அன்னைக்கே பாத்துட்டீகளா?"

"ஆமாம்மா."

"பூத்த பொறகுதான் வாயத் தெறந்திருக்கீக."

மறுவருடம் மேசை கிடைத்தது. பானையடிச் செடியைக் கிழங்கோடு எடுத்து வைத்தார். எல்லாரையும் போல என்னிடமும் நன்றாகத்தான் பேசினார். ஆனால் மாற்றலாகிப் போகும்வரை ஓர் இலையைக்கூட என்னிடம் கொண்டுவரவில்லை. இன்றும் பெயர் தெரியாத செடியைக் கண்டால், இதை எனக்குக் காட்டியிருக்க வேண்டியவர் அவர் என்றே தோன்றுகிறது.